குனியலாம், பிடுங்கக் கூடாது

ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் செழும்பாடி நாடு அவ்வளவு தொலைவில் இல்லை. அங்கே மழை பெய்தால் இங்கே சாரல் அடிக்கும், அவ்வளவு கிட்டம். அந்த நாட்டில் நெல் விளைந்தது, வாழை விளைந்தது, எல்லாவற்றையும்விடப் பேச்சு நன்றாக விளைந்தது.

செழும்பாடியில் வாக்குப்பெட்டி கிடையாது. தலைவரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நேர்மையான வழி ஒன்று தங்களிடம் இருப்பதாக அந்த மக்கள் நம்பினார்கள். கோட்டைக்கு முன்னால் தேர்வயல் என்று ஒரு பெரிய வயல் உண்டு. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு துண்டு. எல்லோருக்கும் ஒரே விதை, ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே அளவு உரம். யாருடைய துண்டு செழிக்கிறதோ அவர் கையில் நாடும் செழிக்கும் என்பது முன்னோர் நம்பிக்கை. முன்னோர் அறுவடை முடித்து, நெல்லை அளந்து பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். ஆனால் முடிவு தெரியும்வரை வேட்பாளர்கள் ஊருக்கே பந்தி போட வேண்டும் என்ற வழக்கமும் அங்கே இருந்தது. கதிர் முற்றும்வரை சோறு போட்டால் தாங்கள் ஓட்டாண்டி ஆகிவிடுவோம் என்று வேட்பாளர்கள் முறையிட்டார்கள். ஆகவே பயிர் இளசாக இருக்கும்போதே அதன் பச்சையை அளந்து முடிவைச் சொல்லிவிடலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அன்றிலிருந்து செழும்பாடியின் தலைவர்கள் யாருக்கும் அறுவடையைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

பச்சையை அளப்பவருக்கு அளவையர் என்று பெயர். தேர்வயலின் ஓரத்தில் தென்னை உயரத்துக்கு ஒரு பரண். அளவையர் அதில் ஏறி நின்று, கிளிப்பச்சைப் பட்டுத்துணி ஒன்றைக் கண்ணுக்கு நேராக விரித்துப் பிடித்து, எந்தத் துண்டின் பச்சை துணியின் பச்சையைத் தோற்கடிக்கிறது என்று பார்த்துச் சொல்வார். அவர் வயலில் இறங்கக் கூடாது. இறங்கினால் எந்த வேட்பாளராவது கையில் எதையாவது திணித்துவிடுவார் என்ற பயத்தில் போட்ட விதி அது. நாளடைவில் காரணம் மறந்துபோய் விதி மட்டும் கொழுத்தது. சேறு பட்ட காலுக்குப் பரணிலும் இடமில்லை, பதவியிலும் இடமில்லை என்று ஆயிற்று. அளவையரானாலும் அமைச்சரானாலும் தலைவரே ஆனாலும், காலில் சேறு பட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது அளவையராக இருந்தவர் சிற்றம்பலம். நல்ல மனிதர். பயந்த மனிதர் என்றும் சொல்லலாம். அந்த நாட்டில் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அவருடைய வேட்டியின் வெண்மை நாடறிந்தது. அவர் மனைவி தையல்நாயகிக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த அரைக்காணி வயல் ஒன்று கோட்டையை ஒட்டி இருந்தது. அரசாங்க உத்தியோகம் அவருக்கு மரியாதையைக் கொடுத்தது. சோற்றைக் கொடுத்தது அந்த அரைக்காணிதான்.

அந்த வருடத் தேர்தலில் தழைசிங்கம் என்று ஒருவரும் நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. நடவு அன்று வயலுக்கு வந்தவர் வேப்பமர நிழலைப் பார்த்தார், படுத்தார். மற்றவர்கள் ஆள் விட்டுக் களை எடுத்தார்கள். களை எடுத்த வயலில் வரிசைக்கு வரிசை சேறு தெரியும். மிதிபட்ட பயிர் நாலு நாள் முகம் வாடி நிற்கும். தழைசிங்கத்தின் துண்டில் ஒருவரும் கால் வைக்கவில்லை. கோரையும் குதிரைவாலிப் புல்லும் கேட்பாரில்லாமல் கிளம்பின. நெல் வேரூன்றி உரத்தை மோப்பம் பிடிப்பதற்குள் அவை தின்று முடித்து ஏப்பம் விட்டன. அளக்கும் நாளன்று அந்தத் துண்டு மண் துளியும் தெரியாமல் கரும்பச்சையாக அடர்ந்து நின்றது.

பரண்மேல் நின்ற சிற்றம்பலத்துக்கு லேசான சந்தேகம் வரத்தான் செய்தது. காற்றடித்தால் நெல் ஆடுகிற விதம் வேறு. ஆனால் அளவையரின் வேலை பச்சையை அளப்பது, பச்சைக்குப் பெயர் கேட்பதல்ல. துணியை மடித்தார், முடிவை அறிவித்தார். வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி மாலை போட்டார்கள்.

"அந்தாளு வயல்ல நின்னது நெல்லா புல்லாங்க?" என்று கேட்டாள் தையல்நாயகி, அன்றைக்கு இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே.

"பச்சை" என்றார் சிற்றம்பலம்.

"அதைத்தான் கேக்குறேன். என்ன பச்சை?"

"அது என் வேலையில வராது, தையலு."

"திங்கிறது மட்டும் வேலையில வருமாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் குழம்பை ஊற்றினாள்.

தழைசிங்கம் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். சும்மா கிடந்து ஜெயித்த மனிதருக்கு, தான் சும்மா கிடந்ததில் ஏதோ ஆழ்ந்த தத்துவம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல வந்துவிட்டது. அந்த எண்ணத்துக்கு நெய் வார்க்க ஒருவர் இருந்தார், சொல்லமைச்சர் நாவலங்காரர். எந்தப் பொருளை எந்தப் பெயரால் அழைப்பது என்று தீர்மானிப்பது அவருடைய துறை.

முதல் சபையிலேயே அவர் எழுந்தார். "களை என்ற இழிசொல் இன்றோடு ஒழிகிறது. இனி அது தன்னெழுச்சிப் பயிர் என்று வழங்கப்படும். நெல்லைப் பாருங்கள், பெருமக்களே. நாற்றுவிட வேண்டும், பறித்து நட வேண்டும், தண்ணீர் கட்ட வேண்டும், காவல் இருக்க வேண்டும். எத்தனை சலுகைகள். தன்னெழுச்சிப் பயிரோ அழைக்காமல் வருகிறது, கேட்காமல் வளர்கிறது, விரட்டினாலும் போக மறுக்கிறது. நாட்டுப்பற்று இவற்றில் எதற்கு அதிகம்?"

"நானும் அப்படித்தானே வந்தேன்" என்றார் தழைசிங்கம். சபையில் பலர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அடுத்து உர ஆணை வந்தது. எந்த வயல் அதிகப் பச்சையோ அதற்கு அதிக உரம். வளர்கிறவனுக்குக் கொடுத்தால்தான் வளர்ச்சி என்பது அதன் சாரம். வயல்களை அளந்து சொல்லும் பொறுப்பு சிற்றம்பலத்தின் தலையில் விழுந்தது. அவர் ஊர் ஊராகப் பரண் கட்டி ஏறி, புல் மண்டிய வயல்களுக்கெல்லாம் வண்டி வண்டியாக உரம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"பந்தியில முந்தி உக்காந்தவனுக்கே திரும்பத் திரும்பப் பரிமாறுனா, கடைசி வரிசைக்கு வெறும் எலைதான் மிஞ்சும்" என்றாள் தையல்நாயகி. "புல்லு சாதியே அப்படித்தாங்க. பந்திக்கு முந்தும், படைக்குப் பிந்தும். பசிக்குத் திங்கிறதோட நிக்காது. தேவைக்கு மேலயும் உறிஞ்சித் தண்டுல சேத்து வெச்சுக்கும். நெல்லு பாவம், அடக்கமா தன் மொறைக்குக் காத்துக்கிட்டு நிக்கும்."

"நெல்லும் கொஞ்சம் முயற்சி பண்ணலாமில்ல" என்றார் சிற்றம்பலம். சபையில் கேட்டுக் கேட்டு நாக்கில் ஒட்டிக்கொண்ட வாக்கியம் அது. தையல்நாயகி அன்றைக்கு அவருக்கு மறுசோறு போடவில்லை.

அதன்பின் களை எடுப்பதே குற்றம் என்று ஆணை வந்தது. அப்படியானால் களையெடுப்புக் கூலியை நம்பியிருக்கும் பெண்கள் என்ன செய்வார்கள் என்று சபையில் யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். தலைவருக்கு இளகிய மனசு. "அவர்கள் பிழைப்பு கெடக் கூடாது" என்றார். "எப்போதும்போல வரிசையாக வயலில் இறங்கட்டும். எப்போதும்போலக் குனியட்டும். கூலி அரசாங்கம் கொடுக்கும். குனியலாம், பிடுங்கக் கூடாது."

நாவலங்காரர் அதற்கு வணங்குபணி என்று பெயர் சூட்டினார். குனிகிற பெண்கள் இரண்டு கையையும் கூப்பி வைத்திருக்க வேண்டும். கூப்பிய கை பிரியாமல் இருக்கிறதா என்று பார்க்க வரப்புக்கு வரப்பு குனிவு மேற்பார்வையாளர்கள் குடை பிடித்து நின்றார்கள். பெண்கள் காலையில் இறங்கி, கோரையைக் கும்பிட்டுக்கொண்டே இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போய், திரும்பக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்கள். கோரைக்கு அவ்வளவு மரியாதை அதன் பரம்பரையிலேயே கிடைத்திருக்காது. அது இன்னும் ஒரு முழம் வளர்ந்தது.

அந்தப் போகம் என்ன ஆகும் என்று சொல்ல சோசியர் தேவையில்லை. மேலே புல் வெயிலை மறைத்தது, கீழே அதன் வேர் சத்தை மறித்தது. நடுவில் அகப்பட்ட நெல் நோஞ்சானாகி, கதிர் வரும் முன்பே வெளிறி மஞ்சளாயிற்று. நாவலங்காரர் உடனே மஞ்சள் சட்டம் கொண்டுவந்தார். பச்சையான நாட்டில் மஞ்சளாக நிற்பது முணுமுணுப்பு, முணுமுணுப்பு வளர்ந்தால் கலகம். ஆகவே மஞ்சளாகத் தென்படும் வயலுக்கு உரமும் நிறுத்தப்படும், தண்ணீரும் நிறுத்தப்படும். வாடியதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள், தண்ணீர் நின்றதால் மேலும் வாடியது, மேலும் வாடியது கலகத்துக்குச் சாட்சியாயிற்று. அறுவடையில் வைக்கோலும் பதரும் மிஞ்சின. அரசாங்கக் களஞ்சியம் காலியானது. சிற்றம்பலத்துக்கு அந்த வருடச் சம்பளமாக ஒரு பச்சைப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"இதை எந்தப் பானையில போட்டு வேகவைக்க?" என்று கேட்டாள் தையல்நாயகி.

வீட்டு மூலையில் ஒரே ஒரு பானை விதைநெல் இருந்தது. கோரைக்கிழங்கை வேகவைத்துத் தின்ற நாட்களிலும் அவள் அந்தப் பானையின் வாய்க்கட்டை அவிழ்க்கவில்லை. விதைநெல்லைக் குத்தித் தின்றால் அப்புறம் கும்பிடுவதற்கு வயலும் இருக்காது. மழை விழுந்ததும் அதை எடுத்துப் போய் நாற்றுவிட்டாள். இந்தப் போகமும் போனால் வீட்டில் அரிசியும் இல்லை, மறுபடி விதைக்க விதையும் இல்லை. அதை நினைத்து நினைத்து சிற்றம்பலம் பட்டுத்துணியை மடித்து மடித்து விரித்தார்.

நட்ட வயலில் வழக்கம்போலப் புல் முந்திக்கொண்டு தலை காட்டியது. வழக்கம்போலப் பெண்கள் கைகூப்பி இறங்கினார்கள். சிற்றம்பலம் அன்று பரண்மேல் இருந்தார். மனைவி குனிந்து வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சேற்றில் சறுக்கினாள். விழாமல் இருக்க வலதுகால் கட்டைவிரலை அழுத்தி ஊன்றினாள். விரலிடுக்கில் ஒரு குதிரைவாலிப் புல் அகப்பட்டு வேரோடு வந்தது. கை கூப்பியபடிதான் இருந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தப் புல்லைக் குதிகாலால் சேற்றுக்குள் அழுத்தி மிதித்தாள். அடுத்த அடியில் இன்னொன்று. அதற்கடுத்த அடியில் இன்னொன்று.

அவளுக்குப் பக்கத்தில் வந்தவள் அதைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் வந்தவளும் பார்த்தாள். வரிசை முழுவதும் நடையில் ஒரு துள்ளல் ஏறிக்கொண்டது. குனிவு மேற்பார்வையாளர் கூப்பிய கைகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பட்ட ஆணை கைகளைப் பற்றியது, கால்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "இன்றைக்கு வணக்கத்தில் ஒரு உற்சாகம் தெரிகிறது" என்று குடையைச் சாய்த்துக்கொண்டு பாராட்டினார்.

வீட்டில் சிற்றம்பலம் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தார். "பாத்துட்டேன், தையலு. தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க."

"நீங்க சொன்னாத்தானே தெரியும்?"

"நான் அளவையர்."

"பச்சையைத்தானே அளக்குறீங்க? கால்விரலை எப்ப அளக்க ஆரம்பிச்சீங்க?" அவள் சிரித்தாள். "மிதிச்சுப் பொதைச்சா, தின்ன சத்தையெல்லாம் தின்ன எடத்துலயே கக்கிடும். கொஞ்ச நாள்ல அழுகி நெல்லுக்கு எருவாயிரும். கோரையை மட்டும் மிதிக்கக் கூடாது. மிதிச்சா அடியில கிழங்கு குட்டி போடும். அதைக் கெல்லி வரப்புல எத்தி விட்டுரணும். வெயிலு பாத்துக்கும்."

அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக, கண்ணால் பார்த்த ஒன்றை மேலிடத்துக்குச் சொல்லாமல் இருந்தார். அது அவருக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரிக் குளுகுளுவென்று இருந்தது. சில வாரங்களில் இந்த நடை நாடெங்கும் பரவியது. செழும்பாடியின் பெண்கள் எல்லோரும் கைகூப்பித் தலைகுனிந்து, இடுப்புக்குக் கீழே தாண்டவம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர்கள் அனுப்பிய செய்தியைக் கேட்டுத் தலைவர் உருகிப்போனார். மக்கள் இவ்வளவு பக்தியாகக் குனிந்த காலம் முன்னெப்போதும் இல்லையாம்.

ஆட்சியின் ஆண்டுவிழா வந்தது. தலைவரும் அமைச்சர்களும் படைத்தலைவரும் பரண்மேல் ஏறி நாட்டின் பச்சையைக் கண்டு களிப்பதாக ஏற்பாடு. மேளம் முழங்கத் தழைசிங்கம் ஏறினார், கண்ணுக்கு மேல் கையை வைத்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அடிவானம்வரை மஞ்சள். கோட்டைக்கு அடுத்த அரைக்காணியில் தொடங்கி, மலையடிவாரம் வரைக்கும் ஒரே மஞ்சள். தலைவர் ஜெயித்த ஞாபகமாகக் காவல் போட்டுக் காத்த தேர்வயல் துண்டு மட்டும் கரும்பச்சையாக நின்றது.

அங்கே இருந்த பெரிய மனிதர்களுக்கு நெல் என்றால் நாற்றில் பச்சை, தட்டில் வெள்ளை. நடுவில் அது என்ன ஆகிறது என்று அவர்கள் கேட்டதில்லை. அவர்கள் அறிந்த மஞ்சள் போன போகத்தில் பட்டினி கிடந்து வெளிறிய மஞ்சள் ஒன்றுதான். விவரம் தெரிந்த இரண்டொருவரும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் மிதியடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கலகம்" என்றார் நாவலங்காரர். "நாடு முழுவதும் ஒரே நாளில். இது சதி."

"எண்ணெய்ப் பந்தம் தயார்" என்றார் படைத்தலைவர். "உத்தரவு கொடுங்கள். சாயங்காலத்துக்குள் ஒரு மஞ்சள் மிச்சமிருக்காது."

சிற்றம்பலத்தின் கண் அந்த அரைக்காணிமேல் இருந்தது. கதிர்கள் பாரம் தாங்காமல் தலை சாய்ந்து கிடந்தன. அந்தப் பானை, அதன் வாய்க்கட்டு, மூலையில் அவள் பசியோடு படுத்துக்கிடந்த நாட்கள் எல்லாம் கண்முன் வந்தன. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தீ வைத்தால் நொடியில் முடிந்துவிடும், ஐயா" என்றார். "செய்த துரோகத்துக்கு அவ்வளவு சுலபமான தண்டனை போதுமா?"

தழைசிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "வேறு என்ன செய்வது?"

"முதலில் அடியோடு அறுக்க வேண்டும். கட்டுக் கட்டாகக் கட்டித் தெருவழியே சுமந்து போக வேண்டும். பிறகு கல்லில் ஓங்கி ஓங்கி அடிக்க வேண்டும், உள்ளே வைத்திருப்பதை எல்லாம் கொட்டும்வரை. அதோடு விடக் கூடாது. முறத்தில் போட்டுக் காற்றில் பறக்கடிக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். சுடுவெயிலில் காயப்போட வேண்டும். தோல் உரியும்வரை உரலில் இடிக்க வேண்டும். மிச்சத்தை சன்னல் இல்லாத இருட்டறையில் அடைத்துவிட வேண்டும்."

படைத்தலைவரே எச்சில் விழுங்கினார். "இவ்வளவு கொடூரத்தை எங்கே கற்றீர், அளவையரே?"

"வீட்டில், ஐயா."

"இதை யார் நிறைவேற்றுவது?" என்று கேட்டார் தழைசிங்கம். "படையில் அவ்வளவு ஆள் இல்லையே."

"மஞ்சளுக்கு இடம் கொடுத்தவர்களே தங்கள் கையால் செய்ய வேண்டும். அப்போதுதான் அவமானம் உறைக்கும். சிறையில் இடம் போதாது, ஆகவே அவரவர் வீட்டிலேயே அடைத்துக் காவல் இருக்க வேண்டும்."

நாவலங்காரர் ஒரு திருத்தம் சேர்த்தார். "அழுதுகொண்டே செய்ய வேண்டும்."

முரசு அறைந்தார்கள். ஆணையைக் கேட்ட ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து, சட்டென்று ஒப்பாரியாக மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான், நாடே கிளம்பிவிட்டது. அரிவாளைத் தீட்டிக்கொண்டு வயலில் இறங்கி, "ஐயோ, இம்மாம் பெரிய கதிரா போச்சே, நான் என்ன பண்ணுவேன்" என்று மாரில் அடித்துக்கொண்டு அறுத்தார்கள். "போன வருசம் ஒரு குறுணியும் இல்லையே, இந்த வருசம் குதிர் கொள்ளலையே, என் ராசா" என்று அழுதுகொண்டு அடித்தார்கள். தூற்றும்போது சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தால் தூசி கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். தையல்நாயகி அழுத அழுகையில் குனிவு மேற்பார்வையாளருக்கே மனசு கேட்காமல், ஒரு கட்டைத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டார்.

குதிர் நிறைந்த அன்று அவள் முதல் உலை வைத்தாள். சிற்றம்பலம் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் வந்தது.

அரண்மனையில் நிலைமை வேறு. களஞ்சியத்தைத் துடைத்தாயிற்று. நாட்டில் இருக்கும் மஞ்சளெல்லாம் வீட்டுச் சிறையில் கைதிகள், கைதிகளின்மேல் வரி போடச் சட்டத்தில் வழியில்லை. சமையற்காரர் தேர்வயல் புல்லைக் கூட்டு வைத்தார், மசியல் வைத்தார், துவையலும் அரைத்தார். மூன்றாவது துவையலோடு தழைசிங்கம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். சன்னல் வழியே ஒரு வாசனை வந்தது. அவர் மூக்கு போன வழியே போனார். கோட்டை வாசலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, அரைக்காணி வரப்பில் சறுக்கி, முழங்கால்வரை சேறாகி, சிற்றம்பலம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

தையல்நாயகி ஒன்றும் கேட்கவில்லை. இலையைப் போட்டாள், பரிமாறினாள். அவர் குனிந்த தலை நிமிராமல் தின்றார். பாதியில் கேட்டார், "அம்மா, இது என்ன?"

"மஞ்சக் கைதிங்க. அறுத்து, அடிச்சு, இடிச்சது."

அவர் கை நின்றது. இலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதையா கொளுத்தப் பார்த்தேன்?" என்றார். குரல் குழந்தையுடையதைப்போல இருந்தது. "எனக்கு யாருமே சொல்லலையே."

"நீங்க மேலயே இருந்தீங்க" என்றாள் தையல்நாயகி. "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போடும்மா."

அதற்குள் வேலிக்கு வெளியே நாவலங்காரர் வந்துவிட்டார். எங்கிருந்துதான் முளைப்பாரோ. அவர் பல்லக்கிலிருந்து இறங்காமல், சுட்டுவிரலால் தழைசிங்கத்தின் காலைக் காட்டினார். சேறு. பதவி அந்த இடத்திலேயே போயிற்று. தழைசிங்கம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சாப்பிட்டு முடித்து, கொல்லை வேப்பமரத்தடியில் போய்ப் படுத்தார். அந்த முகத்தில் அவ்வளவு நிம்மதியை நாடு அதற்குமுன் பார்த்ததில்லை.

மறுபடி தேர்தல் வந்தது. பந்திகள் தொடங்கின. சிற்றம்பலம் பரணில் ஏறியவர், துணியை விரிப்பதற்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். அப்படி ஒரு அளவையரும் பேசியதில்லை.

"பட்டது போதும், ஜனங்களே. பச்சையைப் பார்த்து ஏமாந்துவிட்டோம். இந்தத் தடவை கதிர் முற்றட்டும், அறுத்து, நெல்லை அளந்து முடிவு சொல்லலாம்."

நல்ல யோசனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பந்தியில் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் கேட்டார், "அதுவரைக்கும் சோறு போடுவாங்களா?"

வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள்.

"அப்ப இப்பவே அளந்துருங்க" என்றது கூட்டம்.

அன்றைக்கு எல்லாத் துண்டையும்விடக் கரும்பச்சையாக நின்றது நாவலங்காரருடையது. சிற்றம்பலம் பார்த்தார். கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். மிதியடியைக் கழற்றினார். பரணிலிருந்து இறங்கி, நாடறிந்த வெள்ளை வேட்டியோடு சேற்றில் கால் வைத்து, நாவலங்காரரின் துண்டுக்குள் போய், ஒரு கொத்தைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அடியில் கிழங்குகள் சரஞ்சரமாகத் தொங்கின.

"பாருங்க, இது கோரை. இதுல ஒரு நெல்மணி வராது."

நாவலங்காரர் பதறவில்லை. "பெருமக்களே" என்றார், தேன் ஒழுக. "அவர் கையைப் பார்க்காதீர்கள். காலைப் பாருங்கள்."

எல்லோரும் காலைப் பார்த்தார்கள்.

புதிய அளவையர் பரணில் ஏற அதிக நேரம் ஆகவில்லை. பாயசம் ஆறுவதற்குள் முடிவும் வந்துவிட்டது. நாவலங்காரருக்கு மாலை விழுந்தபோது சிற்றம்பலம் வாய்க்காலில் காலைக் கழுவப் போனார். பாதி கழுவியவர், என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, நடவு முடிந்த கையோடு பெண்கள் வயலில் இறங்கிவிட்டார்கள். வணங்குபணிக்கு ஆணை வருமுன்பே கைகளைக் கூப்பிக்கொண்டார்கள்.

"இந்தத் தடவை தாமசம் பண்ணக் கூடாது" என்றாள் தையல்நாயகி. "புல்லு வேர் புடிக்கிறதுக்குள்ள எறங்கிடணும். அப்புறம் எறங்கி என்ன, எறங்காட்டி என்ன." பிறகு வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற கணவரைப் பார்த்தாள். "உங்களுக்கு நெல்லு எது, புல்லு எதுன்னு தெரியுமாங்க?"

"மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"கீழ வாங்க, காட்டுறேன்."

அவர் இறங்கினார். அவருக்குப் பின்னால், கொட்டாவி விட்டுக்கொண்டே தழைசிங்கமும் இறங்கினார். கட்டைவிரலுக்கு முதல் புல் அகப்பட்டபோது சிற்றம்பலம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். தையல்நாயகி முழங்கையால் இடித்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையைக் கூப்பி, தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

பரண்மேல் நின்ற புதிய தலைவருக்கு, நாடே தன் முன்னால் குனிந்து வணங்குவதாகத் தெரிந்தது.